இங்கிலாந்தில் மினிகேப், டாக்சி ஓட்ட உரிமம் பெறுவது எப்படி: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் கூலிக்கு ஆள் ஏற்றும் கார்களைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. தெருவில் கை காட்டி மறித்து ஏறக்கூடியதும், அதற்கென்று ஒதுக்கிய தரிப்பிடத்தில் நின்று சவாரிக்குக் காத்திருக்கக்கூடியதும் டாக்சி. சட்டத்தில் அதற்கு ஹக்னி கேரேஜ் என்று பெயர். லண்டனில் எல்லோரும் பிளாக் கேப் என்பார்கள். முன்கூட்டியே பதிவு செய்த பயணியை மட்டும், அதுவும் உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தின் வழியாக வந்த பதிவின் பேரில் மட்டும் ஏற்றக்கூடியது பிரைவேட் ஹயர், அதாவது மினிகேப். ஊபர், போல்ட் போன்ற செயலிகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. நம்மவர்களில் இத்தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தேடுவதும் இதைத்தான் என்பதால், இக்கட்டுரை மினிகேப்பை மையமாக வைத்து, டாக்சியைத் தேவையான இடத்தில் மட்டும் தொட்டுச் செல்கிறது. ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. அங்கு வசிப்பவர்கள் இங்கே சொல்லும் விவரங்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இத்தொழிலில் புதியவர்களின் பணம் அதிகம் கரைவது பரீட்சையிலோ விண்ணப்பக் கட்டணத்திலோ அல்ல, ஒழுங்கு மாறிச் செய்வதில்தான். சாரதி உரிமம் கைக்கு வருவதற்கு முன்பே தவணையில் கார் எடுத்துவிட்டு, அது வீட்டு வாசலில் சும்மா நிற்க, மாதத் தவணையும் காப்புறுதியும் கட்டிக்கொண்டு காத்திருப்பவர்கள் ஏராளம். ஆகவே எதற்குப் பிறகு எது என்ற வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

யாரிடம் விண்ணப்பிப்பது

லண்டனின் 32 பரோக்களுக்கும் லண்டன் சிட்டிக்கும் உரிமம் வழங்குவது டிஎஃப்எல் எனப்படும் லண்டன் போக்குவரத்து அமைப்பு. ஹரோவில் இருப்பவர் ஹரோ கவுன்சிலுக்கும், ஈஸ்ட் ஹாமில் இருப்பவர் நியூஹாம் கவுன்சிலுக்கும் விண்ணப்பிக்கத் தேவையில்லை, இருவருக்கும் டிஎஃப்எல்தான். லண்டனுக்கு வெளியே அந்தந்த ஊர்க் கவுன்சிலே அதிகாரசபை: ஸ்லவ், லூட்டன், வொட்ஃபோர்ட், மில்டன் கீன்ஸ் என ஒவ்வொன்றும் தன் விதிகளையும் கட்டணத்தையும் தானே வைத்துக்கொள்கிறது. லண்டன் மினிகேப்புகளுக்கு அடிப்படை 1998ஆம் ஆண்டுச் சட்டம். வெளியூர்களுக்கு 1976ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம். வெளியூர் டாக்சிகளுக்கு 1847இல் விக்டோரியா மகாராணி காலத்தில் இயற்றிய சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

மினிகேப் தொழிலில் உரிமங்கள் மூன்று: சாரதிக்கு ஒன்று, வாகனத்துக்கு ஒன்று, பதிவை ஏற்கும் ஒப்பரேட்டருக்கு ஒன்று. இவை மூன்றும் ஒரே அதிகாரசபை வழங்கியவையாக இருக்க வேண்டும் என்பது புதியவர்கள் முதலில் மனதில் பதிக்க வேண்டிய விதி. டிஎஃப்எல் சாரதி உரிமத்தை வைத்துக்கொண்டு ஸ்லவ் கவுன்சிலின் வாகன உரிமத் தகடு (பிளேட்) போட்ட நண்பனின் காரை ஒரு நாளைக்குக்கூட வாடகைக்கு ஓட்ட முடியாது. ஆனால் மூன்றும் ஒரே இடத்தினுடையவையாக இருந்தால், பயணம் நாட்டின் எந்த மூலையில் தொடங்கி எங்கே முடிந்தாலும் சட்டத்தில் தடையில்லை. இதனால்தான் வுல்வர்ஹாம்டன் கவுன்சிலின் உரிமம் பெற்ற கார்களை மான்செஸ்டரிலும் வேறு பல ஊர்களிலும் காண முடிகிறது.

வெளியூர் உரிமம் எளிது, விரைவு என்று சொல்லி அங்கே விண்ணப்பிக்கும்படி தூண்டுபவர்கள் உண்டு. என் பார்வையில், வசிக்கும், ஓடும் பகுதியின் உரிமமே புதியவருக்கு நல்லது. வாகனச் சோதனைக்கும் விசாரணைக்கும் தொலைதூரம் அலைய வேண்டியதில்லை என்பது ஒன்று. 2025ஆம் ஆண்டு ஜூனில் வெளியான சிறுவர் பாலியல் சுரண்டல் பற்றிய பாரனஸ் கேசியின் ஆய்வறிக்கை இந்த வெளியூர் உரிம நடைமுறையை முடிவுக்குக் கொண்டுவரச் சொன்னதும், அரசு அந்தப் பரிந்துரையை ஏற்றுக்கொண்டதும் இன்னொன்று. மாறப்போகும் ஒரு ஏற்பாட்டை நம்பி மூன்று ஆண்டு உரிமத்தில் பணத்தைப் போடுவது உசிதமல்ல.

விசாவும் டிவிஎல்ஏ அனுமதிப்பத்திரமும்

2016ஆம் ஆண்டு டிசம்பர் 1 முதல், விண்ணப்பிப்பவருக்கு இந்நாட்டில் வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது உரிமம் வழங்கும் ஒவ்வொரு அதிகாரசபையின் சட்டக் கடமை. பிரித்தானியக் குடியுரிமை, நிரந்தர வதிவிடம், அகதி அந்தஸ்து, விசா பெற்றவரில் தங்கியிருக்கும் குடும்பத்தினருக்கான விசா ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. பிரித்தானியக் குடிமக்கள் கடவுச்சீட்டைக் காட்டலாம்; மற்றவர்கள் ஈவிசா எனப்படும் இணையவழி விசாக் கணக்கிலிருந்து பகிர்வுக் குறியீடு ஒன்றை எடுத்துக் கொடுத்தால் போதும். மாணவர் விசாவில் இருப்பவர் சுயதொழில் செய்யக் கூடாது; செயலியில் மினிகேப் ஓட்டுவது சுயதொழிலாகவே நடக்கும் என்பதால், வாரத்துக்கு இத்தனை மணிநேரம் வேலை செய்யலாம் என்ற அனுமதி இதற்குப் பொருந்தாது. விசாவுக்கு முடிவுத் திகதி இருந்தால் உரிமமும் அந்தத் திகதியைத் தாண்டாது. விசா நீடிப்பு விண்ணப்பம் உள்துறை அமைச்சில் நிலுவையில் இருக்கும்போது ஆறு மாதத்துக்கு மேற்படாத உரிமமே கிடைக்கும்.

அடுத்தது, டிவிஎல்ஏ எனப்படும் அரச முகமை வழங்கும் சாதாரண சாரதி அனுமதிப்பத்திரம். லண்டனில் மினிகேப் சாரதிக்கு வயது 21 நிறைந்திருக்க வேண்டும். முழு அனுமதிப்பத்திரம் பெற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். வெளியூர்களில் சட்டம் கேட்பது குறைந்தது 12 மாதம்; சில கவுன்சில்கள் அதற்கு மேலும் கேட்கின்றன. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பதினைந்து வருடம் ஓட்டிய அனுபவம் இந்தக் கணக்கில் வராது. இலங்கை, இந்திய அனுமதிப்பத்திரங்களை இங்கே மாற்றிக்கொள்ளவும் முடியாது. வந்து குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அதில் சொந்தக் கார் ஓட்டலாம், அவ்வளவுதான். அதற்குள் தற்காலிகப் பத்திரம் எடுத்து, எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் சித்தியடைய வேண்டும். பிரான்ஸ், ஜெர்மனி, நோர்வே ஆகிய நாடுகளிலிருந்து இங்கே இடம்பெயர்ந்த நம்மவர்களின் நிலை வேறு; அந்நாட்டுப் பத்திரத்தின் காலம் பொதுவாகக் கணக்கில் எடுக்கப்படும், அதை டிவிஎல்ஏ பத்திரமாகவும் மாற்றிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் தமிழ்ப் பெயர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னாலும், டிவிஎல்ஏ அட்டையில் பின்னாலும், வங்கியில் முதலெழுத்து மட்டுமாகவும், மின்கட்டணச் சிட்டையில் வேறு எழுத்துக்கூட்டலிலும் ஒருவரே நான்கு பேராக நிற்பது நம்மிடையே சாதாரணம். தமிழ்க் காதுக்கு எல்லாம் ஒன்றுதான். அடையாளத்தைச் சரிபார்க்கும் கணினிக்கு அப்படி இல்லை. ஒரு எழுத்து கூடக்குறைய இருந்ததற்காக விண்ணப்பம் வாரக்கணக்கில் தேங்குவதைப் பார்த்திருக்கிறேன். எதையும் அனுப்புவதற்கு முன், ஈவிசாவில் அல்லது கடவுச்சீட்டில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து, டிவிஎல்ஏ அட்டை, வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று மூன்றையும் அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள். முன்பு பயன்படுத்திய பெயர்களை விண்ணப்பத்தில் கேட்கும் இடத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

டிபிஎஸ் சோதனையும் பழைய தவறுகளும்

மினிகேப் சாரதியும் டாக்சிச் சாரதியும் விரிவான டிபிஎஸ் குற்றப்பதிவுச் சோதனைக்கு உட்பட வேண்டும். சிறுவர்களோடும் பலவீனமான பெரியவர்களோடும் வேலை செய்யத் தடைசெய்யப்பட்டவர்களின் பட்டியலும் அத்துடன் பார்க்கப்படும். கடந்த ஐந்து ஆண்டுகளில் வசித்த எல்லா முகவரிகளையும் இடைவெளியின்றிக் கொடுக்க வேண்டும். அறை அறையாக மாறி வசித்தவர்கள் முகவரிகளையும் மாதங்களையும் முதலில் ஒரு தாளில் எழுதிச் சரிபார்ப்பது நல்லது. சான்றிதழ் விண்ணப்பித்தவரின் வீட்டுக்குத்தான் வரும்.

அது வழங்கப்பட்ட திகதியிலிருந்து 30 நாட்களுக்குள் டிபிஎஸ் புதுப்பிப்புச் சேவையில் பதிந்துகொள்ள வேண்டும். போக்குவரத்துத் துறை 2020 ஜூலையில் வெளியிட்ட சட்டபூர்வத் தரநிலைகளின்படி அதிகாரசபைகள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சாரதியின் பதிவைப் பார்க்க வேண்டியிருப்பதால், இந்தச் சேவையில் இல்லாதவர் திரும்பத் திரும்ப முழுச் சோதனைக்குப் பணம் கட்ட நேரிடும். ஆண்டுச் சந்தா வங்கி அட்டையிலிருந்து தானாகக் கழியும் என்று நம்பியிருந்து, அட்டை காலாவதியானதைக் கவனிக்காமல் விட்டால் பதிவு ரத்தாகிவிடும். ரத்தான பதிவை மீட்க வழியில்லை. புதிய சோதனையிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும்.

வெளிநாட்டில் வசித்த காலத்துக்கு அந்நாட்டுப் பொலிஸ் நற்சான்றிதழும் கேட்கப்படும். எவ்வளவு காலம், எத்தனை ஆண்டுகள் பின்னோக்கி என்பது அதிகாரசபைக்கு அதிகாரசபை மாறும். இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ அதை வரவழைக்கக் காலம் பிடிக்கும் என்பதால் எல்லாவற்றுக்கும் முதலில் தொடங்க வேண்டிய வேலை இதுதான். அகதியாக வந்தவர், தன் நாட்டுத் தூதரகத்தை அணுகுவது தனக்குப் பாதுகாப்பில்லை என்றால், அதை விண்ணப்பத்தின் தொடக்கத்திலேயே எழுத்தில் தெரிவித்து, அதற்குப் பதிலாக எதை ஏற்பார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய குற்றம் ஏதும் இருந்தால்? இத்தொழிலுக்கு, காலம் கடந்து தீர்ந்துபோனதாகச் சட்டம் கருதும் தண்டனைகளையும் சொல்ல வேண்டும். சாரதி தகுதியும் நேர்மையும் உடையவர் என்று அதிகாரசபை திருப்திப்பட வேண்டும் என்பதே அடிப்படை. தரநிலைகளின் பின்னிணைப்பு இதற்குக் காலக்கணக்கு தருகிறது: வன்முறைக்கும் போதைப்பொருள் விற்பனைக்கும் தண்டனை முடிந்து 10 ஆண்டுகள், பொய், மோசடி போன்ற நேர்மையற்ற குற்றங்களுக்கும் மதுபோதையில் வாகனம் ஓட்டியதற்கும் 7 ஆண்டுகள், கைபேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டித் தண்டனை பெற்றிருந்தால் 5 ஆண்டுகள். உயிரிழப்புக்குக் காரணமான குற்றம், பிறரைச் சுரண்டிய குற்றம், பாலியல் குற்றம் ஆகியவற்றில் தண்டிக்கப்பட்டவருக்கு உரிமம் இல்லை. இவை வழிகாட்டு எல்லைகள். ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். ஆனால் ஒன்றை மறைத்தால் மறைத்ததே தனிக் குற்றச்சாட்டாகிவிடுகிறது. பல வருடங்களுக்கு முன் கட்டிய ஒரு தண்டப்பணத்தைவிட, அதை எழுதாமல் விட்ட வெற்றுக்கட்டம்தான் பலருடைய விண்ணப்பத்தைக் கவிழ்க்கிறது.

மருத்துவச் சோதனை

சொந்தக் கார் ஓட்டுபவருக்குள்ள உடல்தகுதி இங்கே போதாது. பார ஊர்தி, பேருந்துச் சாரதிகளுக்கான டிவிஎல்ஏ இரண்டாம் தொகுதித் தரம்தான் லண்டனிலும் பெரும்பாலான கவுன்சில்களிலும் கேட்கப்படுகிறது. படிவத்தை உங்கள் மருத்துவப் பதிவேட்டைப் பார்க்கக்கூடிய ஒரு மருத்துவர் நிரப்ப வேண்டும். இது என்எச்எஸ் இலவசமாகச் செய்யும் வேலை அல்ல. ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவர் கேட்கும் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும்.

நம்மவர்களிடம் அதிகமாகக் காணப்படும் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் இரண்டும் இங்கே முக்கியமாகின்றன. மெட்ஃபோர்மின் மாத்திரை மட்டும் எடுப்பவருக்குப் பொதுவாகத் தடையில்லை. கிளிக்லசைட் போன்ற, சர்க்கரையைத் திடீரெனக் கீழே இறக்கக்கூடிய மாத்திரை எடுப்பவர் நாளுக்குக் குறைந்தது இரண்டு தடவை, ஓட்டும் நேரத்தை ஒட்டி இரத்தச் சர்க்கரையை அளந்து பதிவு வைத்திருக்க வேண்டும். இன்சுலின் போடுபவருக்கு உரிமம் கிடைக்காது என்ற பேச்சு பழைய பேச்சு. நிபுணரின் ஆண்டு மதிப்பீடும், அளவுக்கருவியில் சேமித்த அளவீடுகளும், கடந்த 12 மாதத்தில் பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை இறங்கவில்லை என்ற உறுதியும் இருந்தால் கிடைக்கும். அவர் வண்டி எடுப்பதற்கு முந்தைய இரண்டு மணிநேரத்துக்குள் ஒரு தடவையும், ஓட்டும் காலத்தில் இரண்டு மணிக்கு ஒரு தடவையும் அளக்க வேண்டும். ஓய்வு நிலையில் இரத்த அழுத்தம் தொடர்ந்து 180க்கு 100 என்ற எல்லையை எட்டினால் அது கட்டுப்படும் வரை ஓட்ட முடியாது. ஆகவே மருத்துவரிடம் படிவத்தோடு போவதற்கு ஒரு மாதம் முன்பே மாத்திரையை ஒழுங்காக எடுக்கத் தொடங்குவது புத்திசாலித்தனம்.

ஆங்கிலமும் பரீட்சைகளும்

லண்டனில் மினிகேப் சாரதி மூன்று சோதனைகளைக் கடக்க வேண்டும்: ஆங்கிலம் பேசுவதும் கேட்டுப் புரிந்துகொள்வதும், வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிக்கும் இடவிளக்கத் தேர்வு, ‘செரு’ என்று சாரதிகள் அழைக்கும் பாதுகாப்பு, சமத்துவம், விதிமுறை அறிவுத் தேர்வு. ஆங்கிலத்தில் எதிர்பார்ப்பது ஐரோப்பிய அளவுகோலின் பி1 நிலை, அதாவது அன்றாட விஷயங்களைத் தடங்கலின்றிப் பேசும் அளவு.

வழிகாட்டும் செயலி இருக்கும் காலத்தில் வரைபடத் தேர்வு பலருக்கு எளிதாகவே போய்விடுகிறது. தடுக்கி விழுவது ‘செரு’வில். கணினியில் எழுதும் இத்தேர்வில் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளோடு, வாக்கியத்தில் விடுபட்ட சொற்களை இட்டு நிரப்பும் பகுதியும் உண்டு. உதாரணமாக, பயணியின் வழிகாட்டி நாயை ஏற்றுவது பற்றிய வாக்கியத்தில் இரண்டு சொற்கள் விடுபட்டிருக்கும். கீழே கொடுத்த சொற்களில் பொருளுக்கும் இலக்கணத்துக்கும் பொருந்துவதைத் தேர்ந்து இட வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள்கூட ஆங்கில வாக்கிய அமைப்பில் இங்கே சறுக்குகிறார்கள். கேள்விகள் அனைத்தும் டிஎஃப்எல் இலவசமாக வெளியிடும் மினிகேப் சாரதி கைநூலிலிருந்து வருபவை. யூடியூபில் கிடைக்கும் கேள்வி பதில்களை மனனம் செய்வதைவிட, அந்தக் கைநூலை நாளுக்குச் சில பக்கமாக வாய்விட்டு வாசிப்பது மேல். வாக்கியங்கள் காதில் பதிந்தால் விடுபட்ட சொல் தானாக வந்து விழும். கடையில் உட்கார்ந்து பெருந்தொகை வாங்கிக்கொண்டு சித்தியை உறுதி செய்வதாகச் சொல்பவர்களிடம் போகவே வேண்டாம். ஆள்மாறாட்டம் அல்லது மோசடி என்று தெரிந்தால் சித்தி மட்டுமல்ல, நேர்மையும் போய்விடும்.

வெளியூர்க் கவுன்சில்களில் இவற்றுக்குப் பதிலாக அவரவர் அறிவுத் தேர்வு, சிறுவர் பாதுகாப்புப் பயிற்சி, சில இடங்களில் ஓட்டத் திறன் சோதனை ஆகியவை உண்டு. சிறுவர் பாதுகாப்புப் பயிற்சி எங்கும் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம், ரொதரம் நகரில் சிறுமிகள் சுரண்டப்பட்டதில் சில டாக்சிச் சாரதிகளுக்கும் தொடர்பிருந்ததை 2014இலும் 2015இலும் வந்த விசாரணை அறிக்கைகள் வெளிப்படுத்தியமை.

பிளாக் கேப் பற்றிச் சுருக்கமாக: லண்டன் முழுவதும் ஓடுவதற்கான பச்சை பேட்ஜ் வேண்டுமானால் சேரிங் குரொஸிலிருந்து ஆறு மைல் சுற்றளவுக்குள் உள்ள தெருக்களையும், நீலப் புத்தகம் எனப்படும் பாடநூலின் 320 பாதைகளையும் மனப்பாடம் செய்து, நேர்முகமாகச் சொல்லிக் காட்ட வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் எடுக்கும். புறநகர்ப் பகுதிகளுக்கு மட்டுமான மஞ்சள் பேட்ஜுக்குப் படிப்பு குறைவு.

இப்போது கார்

சாரதி உரிமம் கைக்கு வந்த பிறகே காரைப் பற்றி யோசியுங்கள். வாகன உரிமம் ஒரு ஆண்டுக்கு மேல் தரப்படுவதில்லை. ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் வாகனச் சோதனை உண்டு. பயணிகள் இருக்கை எட்டுக்கு மேல் போனால் அது மினிகேப் அல்ல, பேருந்துச் சட்டத்துக்குள் போய்விடும்.

லண்டனில் 2023 ஜனவரி 1 முதல், முதல் தடவையாக மினிகேப் உரிமம் பெறும் எந்தக் காரும் புகையின்றி ஓடும் திறனுடையதாக இருக்க வேண்டும். முழு மின்சாரக் கார், செருகி மின்னேற்றும் ஹைபிரிட் கார் ஆகியவற்றில் வரம்புக்குள் வருபவை ஏற்கப்படும். செருகி ஏற்ற வழியில்லாத சாதாரண ஹைபிரிட் ஏற்கப்படாது. பழைய ப்ரியஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால், அதற்கு உரிமம் கிடைக்குமா என்று டிஎஃப்எல் தளத்தில் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். மின்சாரக் காரை வாங்குபவர் இரவில் எங்கே மின்னேற்றப்போகிறார் என்ற கேள்விக்கும் முதலிலேயே விடை வைத்திருக்க வேண்டும். மாடிக் குடியிருப்பில் வசித்துக்கொண்டு வீதியோர வேக மின்னேற்றிகளை மட்டும் நம்பினால் வருமானத்தில் கணிசமான பங்கு அங்கேயே போய்விடும். மினிகேப்புகளுக்கு நகர்மைய நெரிசல் கட்டணத்திலிருந்த விலக்கு, சக்கர நாற்காலி ஏற்றக்கூடியவை தவிர்ந்த ஏனையவற்றுக்கு 2019 ஏப்ரலில் நீங்கிவிட்டது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

காப்புறுதி தனி விஷயம். சொந்தப் பயன்பாட்டுக் காப்புறுதியில், வேலைக்குப் போய்வரும் பயன்பாடு சேர்த்திருந்தாலும், கூலிக்கு ஆள் ஏற்ற முடியாது. வாடகைச் சவாரிக்கென்றே எழுதிய காப்புறுதி வேண்டும். அது விலை கூடியது. புதியவருக்கு இன்னும் கூடும். உரிமமும் காப்புறுதியும் சேர்ந்தே வரும் வாடகைக் காரை முதல் சில மாதங்களுக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்பது, தொழில் ஒத்துவருமா என்று அறியச் சிறந்த வழி என்பேன். வார வாடகை கூடத்தான். ஆனால் ஒத்துவராவிட்டால் கார் கழுத்தில் தொங்காது.

லண்டனுக்கு வெளியே இன்னொரு விதி பலருக்குத் தெரிவதில்லை. மினிகேப் உரிமம் பெற்ற கார், சவாரி இல்லாத நேரத்திலும் மினிகேப்தான் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. பிளேட் உள்ள அந்தக் காரை மினிகேப் சாரதி உரிமம் இல்லாத மனைவியோ மகனோ ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ஓட்டிப் போவதும் குற்றம்.

ஒப்பரேட்டரும் தெருவும்

சாரதி உரிமமும் கார் உரிமமும் இருந்தாலும் தானாகச் சவாரி பிடிக்க முடியாது. பதிவை ஏற்பது ஒப்பரேட்டர் உரிமம் பெற்றவரின் வேலை; தனியாளாக ஒரே காரை வைத்துத் தொழில் நடத்த விரும்புபவரும் அந்த மூன்றாவது உரிமத்தை எடுத்தே ஆக வேண்டும். நம் சமூகத்தில் கடைக் கண்ணாடியிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் “விமான நிலையச் சேவை” என்று எண் போட்டு, சொந்தக் காரில் ஹீத்ரோவுக்கும் கெட்விக்குக்கும் ஆள் ஏற்றிப் பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். தெரிந்தவர், ஊர்க்காரர் என்பதெல்லாம் சட்டத்தில் விலக்கு அல்ல. சாரதிக்கு உரிமம் இல்லை, காருக்கு இல்லை, பதிவுக்கு இல்லை, காப்புறுதியும் செல்லாது. திருமணத்துக்கோ மரணச் சடங்குக்கோ கார் விடுவதற்கு மட்டும் சட்டம் விலக்குத் தருகிறது.

உரிமம் உள்ள மினிகேப் சாரதியை மாட்டிவிடும் இடம் வெள்ளிக்கிழமை இரவின் தெரு. மழையில் நனைந்தபடி ஒருவர் கார்க் கண்ணாடியைத் தட்டி, பக்கத்துத் தெருவில் இறக்கிவிடச் சொல்லிப் பத்துப் பவுணை நீட்டுவார். ஏற்றினால் அது டாக்சிக்கு மட்டுமுரிய உரிமையை எடுத்துக்கொண்ட குற்றம். பதிவில்லாத அந்தச் சவாரிக்குக் காப்புறுதி இல்லை என்பதால், காப்புறுதியின்றி ஓட்டிய குற்றமும் சேரும். அதற்கு அனுமதிப்பத்திரத்தில் 6 முதல் 8 புள்ளி. அனுமதிப்பத்திரம் பெற்று இரண்டு ஆண்டு நிறையாதவருக்கு ஆறு புள்ளியோடு பத்திரமே ரத்தாகும். கண்ணாடியைத் தட்டுபவர் சில நேரங்களில் அதிகாரசபை அனுப்பிய ஆளாகவும் இருப்பார். செயலியில் பதியச் சொல்லிவிட்டு, அந்தப் பதிவு யாருக்குப் போனாலும் போகட்டும் என்று விட்டுவிடுவதே சரி.

வழிகாட்டி நாயோடு வரும் பயணியை மறுப்பது 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி குற்றம். ஆயிரம் பவுண் வரை தண்டம் உண்டு, மேலதிகக் கட்டணமும் கேட்கக் கூடாது. ஒவ்வாமை போன்ற மருத்துவக் காரணத்துக்கு அதிகாரசபையிடம் முன்கூட்டியே விலக்குச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கலாம். மத நம்பிக்கையும் இருக்கை அழுக்காகும் என்ற கவலையும் காரணங்களாகா. லண்டனின் பேருந்துப் பாதைகள் பொதுவாக டாக்சிகளுக்குத் திறந்திருக்கும், மினிகேப்புக்குத் திறந்திருக்காது. கைது, குற்றச்சாட்டு, வீதிக் குற்றத் தண்டனை எதுவானாலும் அதிகாரசபைக்கு அறிவிக்கத் தரநிலைகள் சொல்லும் கெடு 48 மணிநேரம்.

செயலி நிறுவனத்துடனான உறவு பற்றி ஒன்று. 2021 பெப்ரவரி 19இல் உச்ச நீதிமன்றம், ஊபர் சாரதிகள் தொழிலாளர் உரிமைகளுக்கு உரியவர்கள் என்று தீர்ப்பளித்தது. குறைந்தபட்ச ஊதியமும் விடுமுறைச் சம்பளமும் அதிலிருந்து வருபவை. ஆனால் வருமான வரிக்கு அவர் இன்னும் சுயதொழிலாளர்தான். தொழில் தொடங்கிய வரியாண்டு முடிந்தபின் வரும் அக்டோபர் 5க்குள் வரித் திணைக்களமான எச்எம்ஆர்சியில் பதிந்து, ஆண்டுக் கணக்கைத் தானே சமர்ப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 4 முதல், உரிமத்தைப் புதுப்பிப்பவர் எச்எம்ஆர்சியின் வரிச் சோதனைக் குறியீட்டைக் கொடுக்காமல் விண்ணப்பம் முன்னேறாது. குறியீடு 120 நாள் செல்லும். வரிக்குப் பதியாமல் மூன்று ஆண்டு ஓட்டிவிட்டுப் புதுப்பிக்கும் நாளில் விழிப்பவர்களைக் கணக்காளர்கள் நன்றாக அறிவார்கள்.

மறுத்துவிட்டால்

விண்ணப்பம் மறுக்கப்பட்டாலோ, உரிமம் இடைநிறுத்தப்பட்டாலோ, காரணம் எழுத்தில் தரப்படும். அந்த அறிவித்தல் கிடைத்து 21 நாட்களுக்குள் நீதவான் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவருக்கு, பொதுமக்கள் பாதுகாப்புக் கருதி உடனடியாக நடைமுறைக்கு வரும் முடிவாக இல்லாவிட்டால், மேன்முறையீடு முடியும் வரை ஓட்டத் தடையில்லை; முதல் விண்ணப்பமே மறுக்கப்பட்டவர் ஓட்ட முடியாது. வழக்கில் தோற்றால் செலவு உங்கள் தலையில் விழக்கூடும் என்பதால், கடிதம் வந்த வாரத்திலேயே தொழிற்சங்கத்தையோ இத்துறை தெரிந்த சட்டத்தரணியையோ கேளுங்கள்.

இங்கே மறுத்தால் வேறு கவுன்சிலில் போட்டுப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 2023 ஏப்ரல் 27 முதல் இங்கிலாந்தில் மறுப்பு, இடைநிறுத்தம், ரத்து ஆகியவற்றைத் தேசியப் பதிவேட்டில் ஏற்றுவதும், புதிய விண்ணப்பம் வரும்போது அதில் தேடுவதும் அதிகாரசபைகளுக்குக் கட்டாயம்; பதிவு 11 ஆண்டுகள் அங்கே இருக்கும். பதிவேட்டில் பெயர் இருப்பது மட்டுமே மறுபடி மறுக்கக் காரணமாகாது. ஆகவே மீண்டும் விண்ணப்பிக்கும்போது, முன்பு மறுக்கப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு ஆம் என்றே எழுதி, மறுப்புக் கடிதத்தின் பிரதியை இணைத்து, அதற்குப் பிறகு எது மாறியிருக்கிறது என்பதைத் திகதிகளுடன் ஒரு பக்கத்தில் எழுதிச் சேருங்கள்.